ஏழு புள்ளி நாலு

ஊருக்கு ஒரு ஜோசியர், ஒரு மாந்திரீகர், வட்டிக்குக் கொடுக்கும் ஒருவர் இருப்பார்கள். பட்டர்வொர்த் பாகான் டாலாமில் கூடுதலாக ஒரு பங்க் விமர்சகர் இருக்கிறார். பிறைத் தொழிற்பேட்டையில் பார்க்கும் ஷிஃப்ட் சூப்பர்வைசர் வேலை வயிற்றுக்கு. புதிதாக வெளிவரும் ராக், பங்க், எலக்ட்ரோ கேசட்டுகளையும் தட்டுகளையும் கேட்டு, அவற்றின் யோக்கியதை என்ன என்று தமிழில் எழுதுவது ஆத்மாவுக்கு. சென்னையிலிருந்து வந்திறங்கிய ஒரு சித்தப்பா "பங்க் விமர்சனம்" என்று கேள்விப்பட்டு, "நல்ல உத்தியோகம்தான். அளவு குறைஞ்சா பிடிச்சுக் குடுக்கிறதுதானே?" என்று மெச்சினாராம். நாங்கள் இங்கே பெட்ரோல் போடும் இடத்தை ஸ்டேஷன் என்று சொல்வதால் உள்ளூரில் அந்த மரியாதையும் அவருக்கு இல்லை.

ஆளைத் தெருவிலேயே கண்டுபிடித்துவிடலாம். கறுப்பு டி-சட்டை. அதில் முள்ளுச்செடி மாதிரி ஒரு கிறுக்கல். அது ஒரு குழுவின் பெயர். படிக்க முடிந்தால் அந்தக் குழு விலைபோய்விட்டது என்று பொருள். வயது ஐம்பதைத் தொடுகிறது, தலை பாதி காலி, ஆனால் பின்பக்கம் மட்டும் கொஞ்சம் நீளமாக விட்டிருப்பார். 1992இல் அன்றைய தகவல் அமைச்சர் முகமது ரஹ்மாட், சர்ச் குழுவின் அமி, விங்ஸ் குழுவின் ஆவி ஆகிய இரண்டு மலாய் ராக் பாடகர்களின் நீண்ட முடியைக் கேமரா முன்னால் தாமே கத்தரித்தாரே, அதற்கு இவர் இன்றுவரை காட்டிவரும் எதிர்ப்பாம் அது. அமைச்சரும் மறைந்துவிட்டார், முடியும் குறைந்துவிட்டது. எதிர்ப்பு மட்டும் பின்கழுத்தில் தொங்குகிறது.

இவர் "பாட்டு" என்று சொல்லமாட்டார், "டிராக்" என்பார். "புதுப்பாட்டு வந்திருக்கு" என்று சொல்லமாட்டார், "ரிலீஸ் ஆயிருக்கு" என்பார். பக்கத்து வீட்டு அக்கா ஆவலோடு "எந்தத் தியேட்டர்லப்பா?" என்று கேட்பார். பாண்டுங்கிலிருந்தோ ஒசாகாவிலிருந்தோ பார்சல் வந்த அன்று வீட்டில் தனிச் சடங்கு. கேசட் பிளேயரின் மூடியைத் திறந்து, காது குடையும் பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து, ஹெட்டை மெல்லத் துடைப்பார். பழுப்பு நிறத்தில் அழுக்கு வரும். அதை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, போன மாதம் கேட்ட குழுவின் தரத்தை அதிலேயே கணித்துவிடுவார். பிறகு உறையில் உள்ள ஒட்டுத்தாளைக் கிழியாமல் பிரிப்பதற்குக் கால் மணி நேரம். மனைவி வாசலில் நின்று ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: "இதுக்கு எவ்வளவு?" 2024 ஜனவரி முதல் ஐந்நூறு வெள்ளிக்குக் குறைந்த வெளிநாட்டுச் சாமான்களுக்கும் பத்து விழுக்காடு வரி வந்த பிறகு அந்தக் கேள்வியின் சுருதி ஏறிவிட்டது.

ஏன் கேசட் என்று கேட்டால் அரைமணி நேரம் பேசுவார். உண்மை சுருக்கமானது. தட்டு அடிக்கப் பெரிய காசு வேண்டும், கேசட் என்றால் ஐம்பது பிரதியோடு நிறுத்திக்கொள்ளலாம். ஐம்பது பேருக்கு மேல் யாரும் கேட்கப்போவதில்லை என்பதை வாங்குபவர், விற்பவர், பாடுபவர் மூவரும் மனமொப்பி ஏற்றுக்கொண்ட ஏற்பாடு இது.

பாட்டு ஓட ஆரம்பித்து எட்டு விநாடி ஆனால் போதும், கல்யாணத் தரகர் ஜாதகத்தைப் பார்த்த மாதிரி குலம் கோத்திரம் சொல்லிவிடுவார். தாய்வழி மான்செஸ்டர் போஸ்ட்-பங்க், தகப்பன்வழி ஜெர்மன் எலக்ட்ரானிக், பாட்டி ஒருத்தி டெட்ராய்ட்டில் ஓடிப்போனவள். பாட்டு நன்றாக இருக்கிறதா என்று மட்டும் கேட்கக் கூடாது. அது வேறு இலாகா. இந்த வித்தையைத் தேநீர்க் கடையில் காட்டும்போதுதான் அவருக்கு அடி விழும். சிந்தசைசர் ஒலியைப் பற்றி அவர் விரிவாக எடுத்துரைத்து முடித்ததும், தே தாரிக்கை ஆற்றிக்கொண்டே ஒரு பெரியவர், "1986லயே ராஜா 'விக்ரம்'லயும் 'புன்னகை மன்னன்'லயும் கம்ப்யூட்டர் வச்சுப் போட்டுட்டாருப்பா" என்பார். இதற்கு உலகத்தில் எந்த விமர்சகரிடமும் பதில் கிடையாது. இவரும் தலையைக் குனிந்து ரொட்டியைப் பிய்ப்பார்.

இந்த ஆளுக்குக் குருமரபு இல்லாமல் இல்லை. தொண்ணூறுகளில் 'தி சன்' பத்திரிகையில் ஜோ கிட் எழுதிய 'பிளாஸ்டிங் கான்செப்ட்' பத்தியை வெட்டி ஒட்டிவைத்த நோட்டு இன்னும் அலமாரியில் இருக்கிறது. ஜோ கிட் பத்திரிகையாளர் மட்டுமல்ல. 1991இல் தொடங்கிய கார்புரேட்டர் டங் குழுவின் கிட்டார்காரர், டெங்கிக் கொசுவின் பெயரைத் தாங்கிய 'ஏடிஸ்' என்ற ஜெராக்ஸ் இதழை நடத்தியவர். பத்திரிகை, குழு, இதழ் மூன்றையும் ஒரே ஆள் தூக்கிச் சுமந்த காலம். நம்மவர் அதில் மூன்றாவதை மட்டும் எடுத்துக்கொண்டார், அது மலிவு என்பதால். சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்திலிருந்து 1982 முதல் 2019 வரை அச்சில் வந்த 'மேக்சிமம் ராக்கன்ரோல்' இதழின் பழைய பிரதிகளும் கட்டிலுக்கடியில் கிடக்கின்றன. ஊர் ஊராகப் பங்க் நிலவரம் எழுதிய இதழ் அது. பாகான் டாலாம் நிலவரம் ஒருநாள் வரும் என்று காத்திருந்தார். இதழ்தான் நின்றது.

"தமிழனுக்கும் இதுக்கும் என்னாண்ணே சம்பந்தம்?" என்று எவனாவது வாயைக் கொடுத்துவிட்டால் போச்சு. கல்யாணப் பந்தியில்கூட இலையை மறந்துவிட்டுத் தொடங்குவார். சிங்கப்பூரில் 1992இல் ருத்ரா என்ற குழுவை ஆரம்பித்து வேதாந்தத்தை டெத் மெட்டலில் உறுமியவர்கள் யார்? லண்டனில் எம்.ஐ.ஏ. 2005இல் அப்பா பெயரில் 'அருளர்', 2007இல் அம்மா பெயரில் 'கலா' என்று எலக்ட்ரோ ஆல்பம் போட்டாரே, இப்படிப் பெற்றோரை மதிக்கும் பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது? 2018இல் சென்னை மேடையில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் கிட்டாரையும் பறையையும் கானாவையும் ஒன்றாக நிறுத்தியதே! அதற்கு மட்டும் மூன்று பக்கம் எழுதியிருக்கிறேன் என்பார். இதற்குள் பாயசம் அவரைத் தாண்டிப் போயிருக்கும். எதிரே பினாங்குத் தீவிலேயே பிறந்த அல்லிகேட்ஸ் குழுவை, லோகநாதன், டேவிட் என்ற ஆறுமுகம் சகோதரர்களை, அவர் தாமாகச் சொல்லவே மாட்டார். நாம் எடுத்துக்கொடுத்தால், "அவங்க ஹிட்டாயிட்டாங்க" என்பார், அந்தக் குடும்பத்தில் ஏதோ நடக்கக்கூடாதது நடந்துவிட்ட தொனியில்.

ஜார்ஜ் டவுனில் ஏதாவது குழு மேடையேறும் இரவில் ஃபெரியில் கடலைத் தாண்டுவார். மஞ்சள் நிறப் பழைய ஃபெரிகள் 2020 கடைசியில் ஓய்வுபெற்றதை அவர் இன்னும் மன்னிக்கவில்லை. அந்த எஞ்சினின் அதிர்வில்தான் மனதுக்குள் முதல் வாக்கியம் வருமாம். அந்தக் காலத்தில் போகும்போது மட்டும் காசு, திரும்பி வர இலவசம். நிகழ்ச்சியில் பிள்ளைகள் குதித்துப் புரளும்போது இவர் மிக்சருக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். தலை அரை அங்குலம் ஆடினால் பரவசம். முக்கால் அங்குலம் ஆடி இதுவரை யாரும் பார்த்ததில்லை.

அவருடைய இதழ் ஏ4 தாளை மடித்து நடுவில் இரண்டு ஸ்டேப்ளர் அடித்தது. இங்கேதான் சூட்சுமம். தமிழ் படிப்பவர்கள் பங்க் கேட்பதில்லை. இந்தப் பக்கத்தில் பங்க் வாசிப்பவர்கள் பெரும்பாலும் மலாய்ப் பிள்ளைகள், அவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆகவே இதழைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் மாமாக் கடையில் இவரைச் சுற்றி உட்கார்ந்து, "அனே, எங்களப் பத்தி என்ன எழுதியிருக்கீங்க?" என்று மலாயில் கேட்பார்கள். 'அண்ணே' அவர்கள் வாயில் 'அனே'.

தாளில் இருப்பது: "மூன்று கோர்டு தெரிந்தால் பங்க் வாசிக்கலாம் என்பார்கள். இவர்கள் ஒன்றரையோடு வந்திருக்கிறார்கள்."

அனே வாயால் சொல்வது: "சிம்பிள், தாப்பி மந்தாப்." எளிமை, ஆனாலும் பிரமாதம்.

தாளில்: "பாடகர் என்ன பாடுகிறார் என்பது அவருடைய தாயாருக்கும் புரிய வாய்ப்பில்லை."

வாயால்: "வோக்கல் அடா மிஸ்தேரி." குரலில் மர்மம் இருக்கிறது. பாடகன் கூச்சத்தோடு தலையைச் சொறிவான்.

எழுதும்போது நக்கீரர், சொல்லும்போது நல்லபிள்ளை. கோழை என்று இவரைத் திட்டுவது எளிது. ஆனால் யோசித்துப் பார்த்தால் சின்ன ஊரில் விமர்சனம் வேறு எப்படி நடக்கும்? டிரம்ஸ்காரன்தான் இவருடைய மோட்டோவுக்கு பிரேக் மாற்றுகிறவன். பிரேக்கையும் நேர்மையையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ள முடியாது. மதிப்பெண் விஷயத்திலும் இதே தர்மசங்கடம். அமெரிக்காவில் 'பிட்ச்ஃபோர்க்' தசமப் புள்ளி போட்டு மார்க் கொடுப்பதைப் பார்த்து இவரும் ஆரம்பித்தார். எட்டு கொடுத்தால் குழுவுக்குத் தலைக்கனம் ஏறும். ஏழு கொடுத்தால் வாசலில் வந்து நிற்பார்கள். எண் மட்டும் எல்லா மொழியிலும் ஒன்று, அதை வாயால் மாற்றிச் சொல்லவும் முடியாது. எனவே ஆண்டுக்கணக்காக வந்த அத்தனை பேருக்கும் ஏழு புள்ளி நாலு. ஒரே ஒருவருக்குத்தான் ஒன்பது கிடைத்தது, அதைச் சொல்லாமல் விடமுடியாது.

ஒசாகாவிலிருந்து ஒரு இரைச்சல் கேசட் வந்தது. பாடல், தாளம், மெட்டு எதுவும் இல்லாத, வெறும் ஒலிப் புயல். இரண்டாம் பக்கத்தில் ஐந்தாவது நிமிடம், இடது காதில் ஒரு அடிவயிற்று முனகல், அது எழுந்து, இழுத்து, அறுந்து, மறுபடி எழும் அழகை ஒரு முழுப்பக்கம் வியந்து எழுதினார். "மின்சாரம் அழுகிறது" என்றெல்லாம் எழுதிவிட்டார். இதழ் அச்சாகி, ஒசாகாவுக்கும் தபாலில் போய்ச் சேர்ந்தது. பிறகு ஷிஃப்டில் ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்டபோது முனகல் காணோம். கேசட் பழுது என்று நினைத்தார். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் முனகல் இடது பக்கத்து ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. இரண்டு சந்து தள்ளி உறுமி மேளப் பையன்கள் ஒத்திகை பார்க்கிறார்கள். ஒரு முகத்தைத் தட்டி, மறுமுகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது வரும் அதே சத்தம். ஒசாகாக்காரர்களுக்கும் தமிழ் தெரியாது. ஒன்பதை மட்டும் புரிந்துகொண்டு நன்றி சொல்லித் தபால் அட்டை அனுப்பினார்கள். அது ஃபிரேம் போட்டுச் சுவரில் தொங்குகிறது.

அதற்கப்புறமாவது அந்தச் சந்துக்குப் போவார் என்று எதிர்பார்த்தோம். ஜன்னலைச் சாத்தினார். எனக்கு இதுதான் விளங்காத புதிர். சொந்தக் காசில் கருவி வாங்கி, சொந்தமாகச் சின்னம் வரைந்து டி-சட்டை அடித்து, யார் வீட்டு ஹாலிலோ ஒலிப்பதிவு செய்து, கோயில் வாசலில் தாங்களே விற்று, அடுத்த தாமான் குழுவோடு ஜென்மப் பகை வளர்த்து, தைப்பூசம் வந்தால் "சினிமாப் பாட்டு வாசிக்கக் கூடாது" என்று பெரியவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, அப்படியும் வாசிக்கிற பையன்கள் இவர்கள். இதே காரியத்தை பாண்டுங்கில் செய்தால் வரி கட்டி வாங்குவார். சென்னை மேடையில் பறை ஒலித்தால் மூன்று பக்கம் எழுதுவார். சொந்தத் தெருவில் ஒலிப்பது அவருக்குச் சத்தம்.

போன வருஷம் அந்த ஒன்றரைக் கோர்டுக் குழுவுக்குப் புது டிரம்ஸ்காரன் வந்தான். மாமாக் கடையில் அனே வழக்கம்போல இதழைப் பிரித்து "மந்தாப்" என்று ஆரம்பித்தார். புதுப் பையன் கையை நீட்டி இதழை வாங்கினான். "அண்ணே, நான் வாசிக்கிறேன். தமிழ்ப்பள்ளிதான்." உறுமி மேளக் குழுவின் பையன்! பழைய இதழ்களையும் சேர்த்து வரி விடாமல் மலாயில் பெயர்த்தான். ஒன்றரைக் கோர்டு, தாயாருக்கும் புரியாத பாட்டு, எல்லாம் வெளியே வந்தது. அனே எழுந்து, பில்லைத் தேடுகிற பாவனையில் பாக்கெட்டைத் தட்டினார்.

கிட்டார்காரன் சிரித்த சிரிப்பில் தே தாரிக் மேசையில் கொட்டியது. "பெத்துல் லா, அனே! உண்மைதான்! இத்தனை நாளா இதை ஏன் சொல்லல?" என்று தோளில் தட்டினான். அடுத்த மாதமே அவர்கள் 'ஒன்றரைக் கோர்டு' என்று தமிழெழுத்தில் கொட்டையாக டி-சட்டை அடித்துப் போட்டுக்கொண்டார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் எழுதிய வரி பட்டர்வொர்த் முழுக்க நடமாடுகிறது, அதுவும் படிக்க முடிகிற எழுத்தில். அந்தச் சட்டை அவருக்கும் ஒன்று கொடுத்தார்கள். போட்டு யாரும் பார்க்கவில்லை.

அந்த டிரம்ஸ்காரப் பையன் ஒருநாள் அவரை வழிமறித்தான்.

"அண்ணே, எங்க உறுமி மேளம் சிடி போடுறோம். நீங்க எழுதணும்."

அனே கொஞ்ச நேரம் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "எந்த லேபல்?"

"லேபல்லாம் இல்லண்ணே. எங்க அத்தை காசு குடுத்தாங்க."

அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். "அப்படித்தான் இருக்கணும். எத்தனை பிரதி?"

"முந்நூறு. ஒரே திருவிழாவுல போயிரும்."

"முந்நூறா?" அவர் கையைக் கட்டிக்கொண்டார். "ரொம்ப கமர்ஷியலாப் போறீங்களே, தம்பி."