ஒன்றரை ஆள் அறையிலிருந்து ஒரு கடிதம்

பெருமதிப்புக்குரிய அப்பெண்டிக்ஸ் எஃப்எம் அவர்களுக்கு,

ஈஸ்ட் ஹாமிலிருந்து எழுதுகிறேன். உங்களை நேரில் கண்ட ஒருவரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை. ஆனாலும் எங்கள் குடும்பத்தில் உங்களைத் தெரியாதவர் இல்லை. யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் இருக்கும் என் மாமிகூட உங்கள் பெயரைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறா. பிரித்தானியக் குடிவரவு விதிகளுக்குப் பின்னிணைப்பாக 2012 ஜூலை 9 இல் நடைமுறைக்கு வந்தவர் நீங்கள். வயதில் குறைந்தவர்தான். என்றாலும் எங்கள் சம்பந்தத்தில் சாதகம் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கேட்டு வாங்கியவர் என்பதால் ‘அவர்கள்’ போட்டே எழுதுகிறேன்.

நான் இந்த நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவன். மனைவி கோப்பாயில் தாய் தகப்பனோடு இருக்கிறா. ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறா. தாலி கட்டியாயிற்று, பதிவும் முடிந்தது, சபைக்குச் சோறும் போட்டாயிற்று. ஊர் எங்களைப் புருஷன் பெண்சாதி என்று ஒப்புக்கொண்டு வேறு அலுவல் பார்க்கப் போய்விட்டது. நீங்கள் மட்டும்தான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேச வருகிற பெரியவர்கள் காசுக் கதையைத் தேத்தண்ணி குடித்து, பலகாரம் கடித்து, மழை வெயிலெல்லாம் கதைத்த பிறகுதான் மெல்ல எடுப்பார்கள். உங்களுக்கு அந்தச் சங்கோசம் கிடையாது. வந்தபோதே வருடம் 18,600 பவுண்ஸ் உழைக்கிறானா என்று கேட்டீர்கள். 2023 டிசம்பரில் அதை 38,700 ஆக்கப்போவதாகச் சொல்லி எத்தனையோ வீடுகளில் நித்திரையைக் கெடுத்தீர்கள். பிறகு மனம் இரங்கி, 2024 ஏப்ரல் 11 இலிருந்து 29,000 போதும் என்றீர்கள். அந்தத் தேதிக்கு முன் விண்ணப்பம் போட்டால் பழைய கணக்கு என்பதால் கல்யாணத்தையே முன்னுக்கு இழுத்த வீடுகள் எனக்குத் தெரியும். ஓரிடத்தில் ஐயர் பஞ்சாங்கத்தை விரிக்க, பெண்ணின் தகப்பன் போனில் உங்கள் அறிவித்தலை விரித்தாராம். ராகுகாலமாவது ஒன்றரை மணித்தியாலத்தில் விட்டுவிடும்.

இந்த 29,000 க்கு வருவோம். 2025 ஏப்ரலில் உங்கள் அரசே நிர்ணயித்த ஆகக்குறைந்த சம்பளம் மணிக்கு 12.21 பவுண்ஸ். அந்தக் கணக்கில் வாரம் 40 மணித்தியாலப்படி 52 வாரமும் சம்பளம் வந்தாலும் 25,400 ஐத் தொடாது. 29,000 ஐத் தொட வாரத்துக்கு 46 மணித்தியாலத்துக்குக் கிட்ட நிற்கவேண்டும். நான் பெற்றோல் ஸ்ரேசனில் இரவு வேலை செய்கிறவன். சட்டப்படி முழுநேர வேலை, சட்டப்படி சம்பளம், சட்டப்படி வரி. அதே சட்டத்தின் இன்னொரு பக்கத்தில், அதே வேலைக்காரன் பெண்சாதியைக் கூப்பிட வக்கில்லாதவன். ஆகவே சனிக்கிழமைகளில் ஒரு காஷ் அண்ட் கரியில் அரிசி மூட்டை அடுக்கி மிச்ச மணித்தியாலத்தை நிரப்புகிறேன். வாரம் 40 மணித்தியாலம் உழைத்தால் அது வெறும் ஆசை, 46 உழைத்தால்தான் குடும்பம் என்ற உங்கள் தத்துவத்தை மூட்டை தூக்கும்போது அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 2025 ஜூனில் அரசு கேட்டு அறிக்கை கொடுத்த ஆலோசனைக் குழுவே, 23,000 இலிருந்து 25,000 வரை வைத்தாலும் ஒரு குடும்பம் தன் காலில் நிற்கலாம் என்று ஒரு வழியைக் காட்டியது. அவர்களும் எங்காவது மூட்டை அடுக்கியவர்களோ தெரியாது.

உழைக்க முடியாதவருக்கும் நீங்கள் வழி வைத்திருக்கிறீர்கள். பாங்கில் 88,500 பவுண்ஸ் ஆறு மாதம் அசையாமல் கிடந்தால் சம்பளமே கேட்கமாட்டீர்கள். அவ்வளவு காசு இருந்தால் நான் கோப்பாயில் ஒரு கல்வீடு கட்டி, முற்றத்தில் சாய்மனைக் கதிரை போட்டு இருப்பேன். உங்களுக்குக் கடிதம் எழுத என்ன தலையெழுத்து?

இதில் ஒரு சிக்கலை நீங்கள் கவனித்தீர்களோ தெரியவில்லை. எங்கள் உறவு உயிரோடு இருக்கிறது என்று காட்ட நான் அடிக்கடி யாழ்ப்பாணம் போகவேண்டும். சம்பளமில்லாத லீவில் போனால் அந்த மாதப் பே ஸ்லிப் மெலிந்துவிடும். பே ஸ்லிப் கொழுக்க இங்கே நின்றால் உறவு மெலிந்துவிட்டதோ என்று நீங்கள் சந்தேகப்படுவீர்கள். மனைவியைப் பார்க்கப் போகிற புருஷனும், மனைவியைப் பார்க்கப் போகாத புருஷனும் ஒரே ஆளாய் இருக்கவேண்டும் என்கிறீர்கள். முயற்சி செய்துகொண்டுதான் இருக்கிறேன்.

அடுத்தது வீடு. நெருக்கடியில்லாத இருப்பிடம் வேண்டும் என்றதால், லோயரின் சொல்லைக் கேட்டு ஓர் அளவையாளரைக் காசு கொடுத்துக் கூப்பிட்டேன். பாவம், நல்ல மனுஷன். வாசலில் சப்பாத்தைக் கழற்றினார். கையில் தீப்பெட்டி அளவில் ஒரு லேசர் கருவி. அதைக் கதவோரம் வைத்து அமத்தினார். எதிர்ச்சுவரில், பிள்ளையார் படத்துக்குக் கீழே, என் ஜக்கெற் தொங்குகிற ஆணிக்குப் பக்கத்தில், ஒரு சிவப்புப் புள்ளி நடுங்கிக்கொண்டு நின்றது. குறித்துக்கொண்டார். கட்டிலைத் தாண்டி மற்றப் பக்கம் போக இடமில்லாததால் கட்டிலில் முழங்காலை ஊன்றி அடுத்த சுவரை அளந்தார். பிறகு, “ஒன்றரை ஆள்” என்றார்.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. 1985 ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டத்தில் அச்சடித்தே வைத்திருக்கிறார்கள். அறை 110 சதுர அடியோ அதற்கு மேலோ என்றால் இரண்டு பேர். 90 இலிருந்து 110 க்குள் என்றால் ஒன்றரைப் பேர். 70 இலிருந்து 90 என்றால் ஓராள். 50 இலிருந்து 70 என்றால் அரை ஆள். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளை கணக்கிலேயே இல்லை. பத்து வயது வரை அரை. அன்று இரவு மனைவிக்கு விஷயத்தைச் சொன்னேன். விஞ்ஞான ரீச்சர் அல்லவா, நிதானமாகக் கேட்டா: “அப்ப இடுப்புக்கு மேல வரட்டோ, கீழ வரட்டோ?”

முன்னறைக்கு மாறிவிட்டேன். வாடகை கூட. இப்போது இரண்டு ஆளுக்கான அறையில் ஓராள் இருக்கிறேன். சட்டத்தில் இதற்கு ஒரு பந்தியும் இல்லை.

இனி அன்புக்கு வருவோம். உங்கள் பந்தி எண்கள் எனக்கு இப்போது தேவாரம் போலப் பாடம். ஈ-ஈசிபி 2.5: இருவரும் நேரில் சந்தித்திருக்கவேண்டும். 2.6: உறவு உண்மையாகவும் தொடர்ந்து நிலவுவதாகவும் இருக்கவேண்டும். 2.10: இங்கே நிரந்தரமாகச் சேர்ந்து வாழும் எண்ணம் வேண்டும். படிக்க நன்றாகத்தான் இருக்கின்றன. என் பெரியம்மா பெரியப்பா உயிரோடு இருந்தால் 2.6 இல் கட்டாயம் விழுந்திருப்பார்கள். அறுபது வயது தாண்டியும் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சேர்ந்து எடுத்த படம் தேசிய அடையாள அட்டை எடுக்கப் போன ஸ்ரூடியோவில் எடுத்தது ஒன்றுதான். அதிலும் நடுவில் ஒரு பூச்சாடி.

நாங்கள் அப்படி இருக்கமுடியாதே. கல்யாணப் படம் மட்டும் போதாது, வேறு வேறு நாளில் வேறு வேறு இடத்தில் எடுத்ததும் வேண்டும் என்று லோயர் சொல்லிவிட்டார். எனக்குக் கிடைத்த லீவு அவ்வளவு நாளுக்குக் காணாது. ஆகவே ஒரே நாளில் மச்சானின் ஓட்டோவில் மூன்று சேர்ட்டும் மூன்று சேலையுமாகப் புறப்பட்டோம். காலையில் நல்லூர் வாசலில் வேட்டி. மதியம் கீரிமலைக் கேணியடியில் கோடு போட்ட சேர்ட். பின்னேரம் கசூரினாக் கடற்கரையில், சவுக்கு மரத்துக்குப் பின்னால் நின்று மாற்றிய நீலச் சேர்ட். தங்கச்சிக்காரியைப் புருஷனோடு ஒட்டி நிற்கச் சொல்ல மச்சானுக்கு வெட்கம். தலையைக் குனிந்துகொண்டு, “கொஞ்சம் கிட்ட நில்லுங்கோ, விசாவுக்கு” என்றான். மாமா அந்தப் பக்கம் திரும்பிக் கடலைப் பார்த்தார். அந்தப் படங்களில் நாங்கள் சிரிப்பது நிஜம்தான். எதைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று மட்டும் கேட்காதீர்கள்.

மெசேச் விஷயம் இதைவிடப் பெரியது. ஆங்கிலத்திலோ வெல்ஷ் மொழியிலோ இல்லாத எந்த ஆவணத்துக்கும் அத்தாட்சிப்படுத்திய மொழிபெயர்ப்பு வேண்டுமாம். எங்கள் இருவருக்கும் வெல்ஷ் தெரியாது. மொழிபெயர்ப்பாளர் பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு எடுப்பவர். எங்கள் வட்ஸ்அப்பில் ஒரு பக்கத்தை எடுத்தால் அவ “சாப்பிட்டிட்டியளோ?” என்று கேட்டிருப்பா, நான் “ஓம், நீர்?” என்று கேட்டிருப்பேன், அவ “ஓம்” என்றிருப்பா. அடுத்த பக்கத்திலும் அதுதான். பெட்டை பாதிச் சம்பளத்துக்குச் சாப்பாட்டுக் கதையை இங்கிலிசில் வாங்கியிருக்கிறது என்று மாமி சொன்னதில் பிழையில்லை. கதைக்கிறது முழுக்கப் போனில்தானே. குளிர்காலத்தில் ஐந்தரை மணித்தியாலம், கோடையில் நாலரை மணித்தியாலம் வித்தியாசம். நான் இரவு வேலை முடிந்து பஸ் ஸ்ரொப்பில் நிற்கும்போது அங்கே பள்ளிக்கூட இடைவேளை. பின்னால் பிள்ளைகளின் கூச்சல், அவவின் வாயில் பாதிப் பணிஸ், என் பஸ் வருகிற சத்தம். அந்தப் பத்து நிமிடம்தான் எங்கள் வீட்டுவாழ்க்கை. அதை எந்த உறையில் போட்டு உங்களுக்கு அனுப்புவது?

“சண்டை பிடிச்சதுக்கு ஏதும் எழுத்தில இருக்கோ? இருந்தா நல்லது, இயல்பா இருக்கும்” என்றார் லோயர். எங்கள் சண்டையெல்லாம் வாய்ச்சண்டை. அவவிடம் சொன்னேன். “அப்ப நாளையில இருந்து சண்டையை மெசேச்சில பிடிப்பம்” என்றா. பிடித்தோம். தலைப்பொங்கலுக்கு நான் வராததைப் பற்றித் தொடங்கினா. முதல் நாலு வரியும் உங்களுக்காக எழுதியது. ஐந்தாவது வரியிலிருந்து உங்களுக்காக இல்லை. அந்தப் பக்கத்தை மொழிபெயர்க்கக் கொடுக்கவில்லை.

இப்போது அவ மெசேச் எழுதும்போது மாமியைப் பற்றி முறைப்பாடு எழுதுவதில்லை, நான் கடன் விஷயம் எழுதுவதில்லை. மூன்றாவது ஆளாக நீங்கள் எங்கோ இருந்து வாசிப்பீர்கள் என்ற நினைப்பு. ஊரில் புதுச் சோடி கதைப்பதை ஒட்டுக்கேட்கிற அத்தைமார் உண்டு. பிடிபட்டால் அவர்களாவது வெட்கப்படுவார்கள்.

உங்கள் பரம்பரையையும் கொஞ்சம் விசாரித்தேன். சம்பந்தம் என்றால் விசாரிப்பது வழக்கம்தானே. 1997 வரைக்கும் இங்கே ஒரு விதி இருந்தது. இந்த நாட்டுக்கு வருவது இந்தக் கல்யாணத்தின் முதல் நோக்கமில்லை என்று வருகிறவர்தான் நிரூபிக்கவேண்டும். இல்லாத நோக்கத்தை எப்படி நிரூபிப்பது என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதற்கும் முன்னால், 1979 இல், மணம் முடிக்க இந்தியாவிலிருந்து வந்த ஒரு பெண்ணை ஹீத்ரோ விமான நிலையத்தில் கன்னிப் பரிசோதனைக்கு உட்படுத்தினார்கள். ‘கார்டியன்’ பத்திரிகை அதை வெளியில் கொண்டுவந்த பிறகுதான் நிறுத்தினார்கள். இந்த இடத்தில் எனக்குப் பகிடி வரவில்லை. அன்றைக்கு உடம்பில் தேடியதை இன்றைக்குப் போனில் தேடுகிறீர்கள். அதை முன்னேற்றம் என்றே வைத்துக்கொள்கிறேன்.

மற்றவை சில்லறை. சயரோகம் இல்லை என்ற சான்றிதழுக்காக அவ இரவு பஸ்ஸில் கொழும்பு போய் வந்தா. ஆங்கிலத்தில் ஏ1 பேச்சுப் பரீட்சை: முன்பின் தெரியாத இன்னொரு பரீட்சார்த்தியோடு கால் மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூடக் கதைக்கவேண்டும். கதைத்தா, பாஸ். 2025 ஏப்ரலில் கூட்டிய கணக்குப்படி விண்ணப்பக் காசு 1,938 பவுண்ஸ். அதோடு வைத்திய வரி வருடம் 1,035 படி 3,105. நான் மாதாமாதம் கட்டுகிற வரியிலிருந்தும் வைத்தியசாலைக்குப் போகிறது. அவ வந்து வேலை செய்தால் அவவும் கட்டுவா. அது வேறு இது வேறு என்கிறீர்கள். சரி. கிடைக்கிற விசா 33 மாதத்துக்கு. அது முடிய மறுபடியும் இதே படம், இதே பே ஸ்லிப், இதே காசு. அன்பு காலாவதியாகும் பொருள் என்று எனக்கு முதலே யாராவது சொல்லியிருக்கலாம்.

குறை மட்டும் சொல்லி முடிக்கக் கூடாது என்பதால் ஒரு யோசனை. உண்மையான கல்யாணமா பொய்க் கல்யாணமா என்று கண்டுபிடிக்க உங்களுக்குப் பே ஸ்லிப்பும், லேசரும், மொழிபெயர்ப்பும், மாதக்கணக்கில் அவகாசமும் வேண்டியிருக்கிறது. என் மாமிக்கு ஒரு பின்னேரம் போதும். சுன்னாகம் சந்தைக்கு மரக்கறி வாங்கப் போகிற மாதிரிப் போய், வழியில் மூன்று படலையில் நின்று மூன்று வாய் வெற்றிலை போட்டு வந்தால், சோடி ஒற்றுமையா, பெடியன் குடிப்பானா, வெளிநாட்டில் வேறு தொடுப்பு உண்டா, பெண் எதற்காகச் சம்மதித்தாள் என்று எல்லாம் கையில் இருக்கும். என்னைப் பற்றி அவ செய்த விசாரணையில் நான் ஏழாம் வகுப்பில் கணக்கில் எடுத்த மார்க்ஸ்கூட இருந்தது. சம்பளம் வேண்டாம், வெற்றிலைக் காசு போதும்.

ஒரு சின்னச் சிக்கல்தான். உங்கள் அலுவலகத்துக்கு வந்து இருந்து வேலை செய்ய அவவுக்கும் விசா வேண்டும். படிவத்தை நிரப்பத் தொடங்கிவிட்டேன். ‘இங்கே வருவதன் நோக்கம்’ என்ற இடத்தில் என்ன எழுத என்று போனில் கேட்டேன். “மருமோன்ர அலுவல் ஏன் இழுபடுது எண்டு கேக்க” என்று அப்படியே எழுதச் சொன்னா. எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உண்மையாகவும் தொடர்ந்தும் நிலவும்
ஒரு ஸ்பொன்சர்