ஜோ லூயிஸும் கொட்டாஞ்சேனைப் பெரியப்பாவும்

1938 ஜூன் 22 இரவு, நியூயோர்க்கின் யாங்கி மைதானத்தில் மக்ஸ் ஷ்மெலிங்கை விழுத்த ஜோ லூயிஸுக்கு 124 விநாடிகள் போதுமாக இருந்தன. அதைச் சொல்லி முடிக்க எங்கள் பெரியப்பாவுக்கு முக்கால் மணித்தியாலம் வேண்டும். கரண்ட் போன இரவென்றால் அதற்கு மேலும் போகும்.

அறுபதுகளின் கடைசி. கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதிக்குப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் குடியிருந்தோம். பெரியப்பா துறைமுகத்தில் கிளாக்கர். வெள்ளைச் சேட்டு, கறுப்புக் குடை, பொடி நடை. கோழி பிடிக்கவே பயப்படுகிற மனுசன் என்றுதான் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். இராச் சாப்பாடு முடிந்து சேட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டாரென்றால் அமெரிக்கா தொடங்கிவிடும். விறாந்தைதான் ரிங். அலுமாரிதான் ஷ்மெலிங். "அதுக்குள்ள என்ர கூறைச் சீலை கிடக்கு, கவனம்" என்று பெரியம்மா ஒவ்வொரு முறையும் குசினிக்குள் இருந்து குரல் கொடுப்பார்.

கதை 38இல் தொடங்காது. 1914 மே மாதம் அலபாமாவில், பிறத்தியார் நிலத்தில் வாரத்துக்குப் பயிர் செய்த ஒரு கறுப்பர் குடும்பத்தில் தொடங்கும். அங்கிருந்து டெட்ரொய்ட். அங்கே வயலின் படிக்கச் சொல்லித் தாய் கொடுத்த காசைப் பெடியன் கொண்டுபோய்ப் பொக்சிங் ஜிம்மில் கட்டுவான். இந்த இடத்தில் பெரியம்மா ஒருநாளும் சும்மா இருந்ததில்லை. "பாருங்கோ, தாய்க்குப் பொய் சொன்னவன்ர கதையைத்தான் பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்கிறார்." பெரியப்பா காதில் வாங்கமாட்டார். அவர் அதற்குள் 1936க்குப் போயிருப்பார். அந்த வருடம் ஷ்மெலிங் 12ஆவது ரவுண்டில் லூயிஸை அடித்து விழுத்தினார். லூயிஸ் இடது கையால் ஜப் போட்டுவிட்டு அந்தக் கையைக் கீழே விடுகிறார் என்பதை ஜேர்மன்காரர் கண்டுபிடித்திருந்தார். "அடிச்ச கையைக் கீழ விடாதே" என்பது அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சட்டம். ஓ.எல். பரீட்சைக்குப் போகும்போது எனக்குக் கிடைத்த ஆசீர்வாதமும் அதுதான்.

அடுத்த வருடம் சிக்காகோவில் பிரடொக்கை விழுத்தி உலகச் சம்பியன். அதற்கடுத்த வருடம்தான் அலுமாரிக்கு ஆபத்து வரும். ஹிட்லர், ரூஸ்வெல்ட், எழுபதினாயிரம் சனம், எல்லாவற்றையும் பெரியப்பா விறாந்தைக்குள் கொண்டுவருவார். ஷ்மெலிங் அவருடைய கதையில் முழு நாஜி, முழு வில்லன். அந்த மனிதர் நாஜிக் கட்சியில் சேரவேயில்லை, அதே 1938 நவம்பரில் இரண்டு யூதப் பிள்ளைகளைத் தன் அறையில் ஒளித்துக் காப்பாற்றினார் என்பதெல்லாம் வெகுகாலம் கழித்துத்தான் வெளியே தெரிந்தது. அலுமாரி அநியாயமாக அடி வாங்கியது.

இத்தனைக்கும் பெரியப்பா அந்தச் சண்டையைக் கண்ணால் கண்டவரல்லர். பத்திரிகையில் வந்த நாலு வரியும், கப்பல்காரர் விட்டுப்போன பழைய 'தி ரிங்' சஞ்சிகைகளும்தான் அவருடைய மூலதனம். அதிலிருந்து வெட்டி ஒட்டிய படங்களோடு ஒரு தடித்த கொப்பி வைத்திருந்தார். கோயிலுக்குக் கொண்டுபோகும் தட்டைப் போல இரண்டு கையாலும்தான் அதை எடுப்பார்.

லூயிஸின் பதினொன்றரை வருட ஆட்சி, 25 தடவை பட்டத்தைக் காத்தது, இதெல்லாம் எங்களுக்கு வாய்ப்பாடு. ஆனால் பெரியப்பா என்ற அரசாங்க உத்தியோகத்தரை உண்மையில் உலுக்கியது சண்டை அல்ல, வரி. 1942இல் இரண்டு சண்டைகளின் பணத்தை லூயிஸ் கடற்படை, தரைப்படை நிவாரண நிதிகளுக்கு அப்படியே கொடுத்தார். அதே வருடம் தானும் சாதாரணச் சிப்பாயாகப் படையில் சேர்ந்தார். பிறகு வரி இலாகா வந்து, கொடுத்த காசும் உன் வருமானம்தான், வரியைக் கட்டு என்றது. வட்டியோடு சேர்ந்து கடன் பத்து இலட்சம் டொலருக்கு மேல் ஏறிற்று. இதைச் சொல்லும்போது மட்டும் பெரியப்பா கதிரையில் இருந்துதான் சொல்வார். "மடையன், கடிதத்தில எழுதி வாங்கியிருக்க வேணும். மூண்டு பிரதி எடுத்து, ஒண்டை ஃபைல்ல போட்டிருக்க வேணும்." தான் வழிபட்ட ஒருவரை அவர் மடையன் என்று சொன்ன ஒரே சந்தர்ப்பம் அது.

அந்தக் கடனுக்காகத்தான் லூயிஸ் திரும்ப ரிங்குக்கு வந்தார். 1950இல் எஸ்ஸார்ட் சார்ள்ஸிடம் தோல்வி. 1951 ஒக்டோபரில் ரொக்கி மார்சியானோ. மார்சியானோ சண்டையைப் பெரியப்பா சொல்லவே மாட்டார். கேட்டால், "நித்திரை வருது, போய்ப் படுங்கோ."

எங்கள் ஒழுங்கை முடிவில் நானா கடை. மாதக் கடனுக்குச் சாமான் வாங்குகிற இடம். 1964இல் லிஸ்டனை வென்ற கையோடு கஷியஸ் கிளே முகமது அலி ஆனார். நானா கடைச் சுவரில் அலியின் படம் ஏறியது. பெரியப்பாவுக்கோ அவர் கடைசிவரை கிளேதான். "உங்கட கிளே" என்று அவர் சொல்வதும், "அலி எண்டு சொல்லுங்க சேர்" என்று நானா சீனியை நிறுத்தபடி சொல்வதும் மாதாமாதம் நடக்கும். பெரியப்பாவுக்கு இதில் பெரிய இடத்து ஆதரவு இருந்தது. ஜோ லூயிஸே அலியைக் கிளே என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். 1967இல் தி ரிங் சஞ்சிகையில், தன் காலத்தில் என்றால் கிளேயை எப்படி அடித்து நொறுக்கியிருப்பேன் என்று லூயிஸ் பெயரில் ஒரு கட்டுரையும் வந்தது. அந்த இதழ் துறைமுகம் வழியாக எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த மாதம், பெரியப்பா அதை நானாவுக்கு வாசித்துக் காட்டினார். அடுத்த மாதம் கடன் கொப்பியில் எங்கள் பக்கம் மூடப்பட்டது. பெரியம்மா போய்க் கதைத்துத்தான் திறந்தது.

அலி கின்ஷாசாவில் ஜோர்ஜ் ஃபோர்மனை விழுத்தியது 1974 ஒக்டோபர் 30. அங்கே விடியப்புறம் நாலு மணி, கொழும்பில் காலை எட்டரை. உலகத்தின் பாதி தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்ததாம். எங்கள் நாட்டில் தொலைக்காட்சி என்ற சாமானே இல்லை. அது வர 1979 ஆகவேண்டியிருந்தது. நாங்கள் பாண் கியூவில் நின்றோம். சிறிமாவோ காலத்துப் பஞ்சம், அரிசிக்கும் மாவுக்கும் தட்டுப்பாடு, மரவள்ளிக் கிழங்குதான் இராச் சாப்பாடு. வானொலியில் செய்தி கேட்ட நானா கடையை விட்டு வெளியே வந்து, கியூ முழுவதற்கும் கேட்கக் கத்தினார்: "எட்டாவது ரவுண்ட்! சேருக்குச் சொல்லுங்க!" 1980இல் அலி சென்னைக்கே வந்து, நேரு மைதானத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை போட்டு, எம்.ஜி.ஆரோடும் நின்று படம் எடுத்துக்கொண்டபோது நானாவின் வெற்றி பூரணமானது. எம்.ஜி.ஆர். பக்கம் நிற்கிறவரோடு கொட்டாஞ்சேனையில் யார் வாதாட முடியும்?

அந்த நாளில் ஜோ லூயிஸ் லாஸ் வேகாஸில் சீசர்ஸ் பலஸ் கசினோ வாசலில், வருகிற பணக்காரருக்குக் கைகொடுக்கும் வேலையில் இருந்தார். "கை குடுக்கவும் சம்பளமோ?" என்றார் பெரியம்மா. 1981 ஏப்ரல் 11 இரவு அதே இடத்தில் லரி ஹோம்ஸின் சண்டையைச் சக்கர நாற்காலியில் இருந்து பார்த்துவிட்டு, அடுத்த நாள் காலமானார். செத்தவீட்டுச் செலவில் ஒரு பங்கைக் கொடுத்தது ஷ்மெலிங் என்று செய்தி வந்தது. பெரியப்பா கனநேரம் அலுமாரியைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

நாங்கள் அதற்குள் வெள்ளவத்தைக்கு வந்திருந்தோம். அலுமாரியும் வந்திருந்தது. 83 ஜூலைக் கலவரத்தில் வீட்டோடு அதுவும் போனது, கொப்பியும் போனது, கூறைச் சீலையும் போனது. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாமில், வகுப்பறைச் சீமெந்தில் சுருண்டு கிடந்த பிள்ளைகள் அழுதபோது பெரியப்பா எழும்பிச் சேட்டைக் கழற்றினார். அன்றைக்கு ஷ்மெலிங் வரவில்லை. முதல் தடவையாக மார்சியானோ சண்டையைச் சொன்னார். எட்டாவது ரவுண்ட், 37 வயது, கயிற்றுக்கு வெளியே பாதி உடம்பு, பிறகு உடுப்பு மாற்றும் அறையில் வென்றவனே அழுதது. பிள்ளைகள் நித்திரையாகிவிட்டார்கள். கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனவர் பிறகு கொழும்புக்குத் திரும்பவில்லை.

இனி இந்தக் காலத்துக்கு வருகிறேன். வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் ஒழுங்கைக்கு ஒழுங்கை மாடிக் குடியிருப்புகள். என் பேரனுக்குப் பதினாலு வயது. திங்களும் புதனும் வயலின், செவ்வாயும் வியாழனும் கணிதம், சனிக்கிழமை பொக்சிங். ஜோ லூயிஸ் களவாகச் செய்ததை இவனுக்குத் தாயே நேர அட்டவணை போட்டுச் செய்விக்கிறாள். துணிக்கடைக்கு மேல் மாடியில் ஜிம், குளிரூட்டியது. நான் கூட்டிக்கொண்டு போய் ஒரு மூலையில் இருப்பேன். அங்கே ஒருவரும் ஒருவரையும் அடிப்பதில்லை. பையை அடிக்கிறார்கள், காற்றை அடிக்கிறார்கள், அடித்து முடியக் கையில் கட்டிய மணிக்கூட்டில் எத்தனை கலோரி என்று பார்க்கிறார்கள். சண்டை எப்போது என்று பயிற்சியாளரிடம் கேட்டேன். "சண்டை இல்லை அங்கிள், இது ஃபிட்னஸ்" என்றார்.

வீட்டில் ஒருநாள் பேரன் 38ஆம் ஆண்டுச் சண்டையைப் போனில் எடுத்துக் காட்டினான். கறுப்பு வெள்ளையில் இரண்டு பேர் தெரிந்தார்கள். ஒருவர் விழுந்தார், எழும்பினார், திரும்ப விழுந்தார். முடிந்துவிட்டது. "இவ்வளவுதானா, அப்பப்பா?" என்றான். அலுமாரி அதைவிட நன்றாகச் சண்டை பிடித்தது என்று எப்படிச் சொல்வது?

பிறகுதான் அவன் அந்தக் கேள்வியைக் கேட்டான். "எங்கட நாட்டில ஒரு சம்பியனும் இல்லையா?"

இருந்தார். பார்னி ஹென்றிகஸ். கொழும்புப் பறங்கியர். 1938 பெப்ரவரியில் சிட்னியில் நடந்த பிரித்தானியப் பேரரசு விளையாட்டுப் போட்டியில் ஃபெதர்வெயிட் தங்கம். இலங்கை அந்தப் போட்டிகளுக்குப் போன முதல் தடவை, வென்ற முதல் தங்கம். யாங்கி மைதானத்துக்கு நாலு மாதம் முந்தியது. பாடசாலைகளுக்கிடையே ஸ்டப்ஸ் கேடயத்துக்காகப் பெடியன்கள் மூக்குடைத்துக்கொண்ட நகரம் இது. ஹென்றிகஸ் வீட்டில் பொக்சிங் பிடித்தவர் பார்னி ஒருவர் மட்டுமல்லர். பசில் ஹென்றிகஸ் 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்கே போனார். பெரியப்பா பார்னியின் சண்டையை நேரில், இதே கொழும்பில், ரிங்குக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவர். இதை நான் எப்படி அறிந்தேன் என்றால், ஒருநாள் பேச்சோடு பேச்சாக அவர் வாயில் இருந்து வந்தது. "ஓம், பார்த்தனான். நல்ல அடி. எங்கட பெடியன்தானே" என்று சொல்லிவிட்டு, பிரடொக் சண்டையின் ஏழாவது ரவுண்டுக்குப் போய்விட்டார். கண்ணால் கண்ட ஒரே உலகத்தரச் சண்டைக்கு அவர் செலவழித்தது நாலு சொல். கொப்பியில் பார்னிக்கு ஒரு பக்கமும் கிடைக்கவில்லை. 1956க்குப் பிறகு பறங்கியர் வீடு வீடாக அவுஸ்திரேலியாவுக்குப் போனபோது பார்னியின் பெயரைத் தெரிந்தவர்களும் பெட்டி கட்டிப் போனார்கள்.

பார்னியின் தங்கத்துக்கு 72 வருடம் கழித்து, 2010 டெல்லி பொதுநலவாயப் போட்டியில் மஞ்சு வன்னியாராச்சி பான்டம்வெயிட் தங்கம் வென்றார். கொண்டாட்டச் செய்திகளில் 'பார்னி ஹென்றிகஸுக்குப் பிறகு' என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகத்தான் பார்னி திரும்ப அச்சேறினார். பிறகு ஊக்கமருந்துச் சோதனையில் நன்ட்ரலோன் பிடிபட்டது, தங்கம் வேல்ஸ்காரர் சோன் மக்கோல்ட்ரிக்கிடம் போனது. இலங்கைப் பொக்சிங்கின் பொதுநலவாயத் தங்கம் மறுபடி பார்னியின் ஒன்றுதான் என்றாயிற்று. அதை யாரும் தலைப்புச் செய்தியாகப் போடவில்லை.

ஜிம் சுவரில் அலி இருக்கிறார், டைசன் இருக்கிறார், கண்ணாடிக்குப் பக்கத்தில் ஓர் இடம் வெறுமையாக இருந்தது. யாரைப் போடலாம் என்று முதலாளி எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். பார்னி ஹென்றிகஸ் என்றேன்.

"வெளிநாட்டுக்காரரா, அங்கிள்?"

"இல்லை தம்பி, எங்கட கொழும்பு."

அவர் போனில் தேடினார். கிடைத்த படம் முத்திரை அளவு. பெரிதாக்கினால் முகம் உடைந்துபோகும் என்று அச்சுக்கடையில் சொல்லிவிட்டார்களாம். அடுத்த சனிக்கிழமை போனபோது அந்த இடத்தில் ஆளுயரத்துக்கு ரொக்கி பல்போவா நின்றார். அது சினிமா தம்பி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர், "இந்த மாதக் காசு இன்னும் வரேல்லை அங்கிள்" என்றார்.