கண்ணு மட்டும்தாங்க பாக்கி

உடைந்த கொலுப் பொம்மையைக் குப்பையில் போட மனம் வராமல் கோயில் மரத்தடியில் வைத்துவிட்டு வருவோம். விருத்தாசலத்தில் அப்படி வைத்தது இரண்டு நாள் சேர்ந்தாற்போல் அங்கேயே கிடந்தால், உடைந்ததைப் பொறுக்கி ஒட்டி வேறு பொம்மை செய்யும் ஒருவர் ஊரில் இல்லை என்று அர்த்தம். நாம் மூளி என்று ஒதுக்கியதில் அவர் கண்ணுக்குப் படுவது, சேதாரம் இல்லாத ஓர் இடது கை. மாசி மகத் திருவிழாக் கடையில் வாங்கிய ஒரே வாரத்தில் குழந்தைகள் பிய்த்துப் போட்ட ஹல்க்கின் தோள், சூளையில் கோணிப்போனதால் தொழிற்பேட்டையில் கழித்துவிட்ட பீங்கான் பிள்ளையாரின் தொந்தி, எரிந்துபோன ஃபியூஸ் கட்டை எல்லாம் கடைசியில் அவரிடம்தான் வந்து சேரும். எம்-சீல் பிசைந்து ஒட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ப்ரைமர் அடித்து, எனாமல் பூசி அவர் எழுப்பும் உருவத்தைத் தூர நின்று பார்த்தால் கும்பிடத் தோன்றும். ஃபியூஸ் கட்டைப் பீடத்தில் ஹல்க்கின் தோளோடு அய்யனார் உட்கார்ந்திருப்பார். மீசையில் ஒவ்வொரு முடியும் தனித்தனியாக நிற்கும். கிட்டே போனால்தான் தெரியும்: மீசைக்கு மேலே உரித்த முட்டைபோல வெறும் வெள்ளை. “கண்ணு மட்டும்தாங்க பாக்கி” என்பார். போன நவராத்திரிக்கும் அதே பாக்கிதான். அதற்கு முந்தின நவராத்திரிக்கும் அதேதான்.

இதைச் சோம்பல் என்று சொல்பவர்கள், அவர் ஒரு கையைப் பொருத்தும் பாட்டை அறியாதவர்கள். களிமண் குழம்பைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றினால் அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஓரத்தில் படிந்த மண் பொம்மையாகும். அந்தப் பச்சைப் பொம்மை காய்ந்து, 1,200 டிகிரி வாக்கில் வெந்து வெளியே வருவதற்குள் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கிவிடும். மண்ணுக்கு மண், சூட்டுக்குச் சூடு இந்தச் சுருக்கம் மாறும். ஆகவே ஒரு பொம்மையின் கை இன்னொன்றின் தோளுக்குத் தானாகச் சேருவது, ஜாதகம் பார்க்காமலே பத்துப் பொருத்தமும் அமைவதுபோல. வெந்துவிட்ட பீங்கான் ஈர மண்ணை வைத்து ஒட்டினாலும் ஒட்டாது. அவர் அரம் போட்டு ராவி, கம்பி செருகி, பிசின் வைத்து, ராத்திரி முழுக்க நூல் கட்டிப் பிடிக்கவைக்கிறார். இவ்வளவும் செய்கிறவருக்கு இரண்டு கருப்புப் புள்ளி வைக்கச் சோம்பல் என்றால் நம்புவதற்கில்லை. அவர் வைக்க மறந்தவர் அல்லர்; வைக்க மறுப்பவர்.

ஏன் மறுக்கிறார்? சிற்பிகள் கண்ணைக் கடைசியில் திறப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அதுவரை அது கல், அல்லது உலோகம். தட்டலாம், ராவலாம், புரட்டிப் போடலாம். கண் திறந்த பிறகு அது சாமி. உளியை மடித்து வைத்துவிட்டுக் கும்பிட வேண்டியதுதான். நம்மவருக்கு இந்த இலக்கணம் மிக நன்றாகத் தெரியும். கண் வைத்துவிட்டால் அந்தப் பொம்மை ஓர் ஆளாகிவிடும். ஆளின் கையைக் கழற்ற முடியுமா? கண் இல்லாதவரை அது உதிரிபாகக் கிடங்கு. அவர் வீட்டு அலமாரியை ஓர் ஆண்டு கவனித்தால் இது புரியும். ஆடியில் அய்யனாருக்கு இருந்த வாள் ஆவணியில் சூப்பர்மேனிடம் இருக்கும். சூப்பர்மேனின் சிவப்புத் துணி ஐப்பசியில் மதுரை வீரனுக்கு மேல்துண்டாகும். வீட்டுக் கொலுவில் வாமனர் பிடித்திருந்த தாழங்குடை எப்படியோ பேட்மேன் கைக்குப் போயிருக்கும். கோத்தம் நகரத்தில் அப்படியென்ன மழையோ! ஆக, “பாக்கி” என்று அவர் சொல்வது வேலையை அல்ல, கழற்றும் உரிமையை.

இதற்கு மூன்று மறுப்புகள் எழும். கண் எழுதுவது கடினம், ஜீரோ நம்பர் பிரஷ் ஒரு மயிரிழை பிசகினாலும் முகம் மாறுகண்ணாகி முழு உழைப்பும் வீண் என்பார்கள். நியாயம்தான். ஆனால் அவரிடம் ஸ்பைடர்மேனும் இருக்கிறான். 1962இல் பிறந்த நாளிலிருந்து அவன் முகமூடியில் வெள்ளைத் திட்டுதான். கருவிழி எழுதும் தொல்லையே கிடையாது. அதையாவது முடித்திருக்க வேண்டுமல்லவா? கேட்டுப் பாருங்கள்: “வலைக்கோடு மட்டும்தாங்க பாக்கி.” அடுத்து, ஜப்பானில் தருமா பொம்மையைக் கண் இல்லாமல்தானே விற்கிறார்கள் என்பார்கள். விற்கிறார்கள். வேண்டிக்கொண்டு ஒரு கண், பலித்ததும் மறுகண் என்பது அங்கே கணக்கு. அது நேர்த்திக்கடன், நம்மவருடையது வாராக்கடன். மூன்றாவது மறுப்பு உள்ளூர்ச் சரக்கு, கொஞ்சம் வலுவானதும்கூட: பக்கத்து மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் பலிபீட வடிவமாகத்தானே இருக்கிறார், அவருக்கு ஏது முகம், ஏது கண்? உண்மை. ஆனால் அந்த முகமில்லாத சாமியிடம்தான் சுற்றுவட்டாரமே பிராது எழுதிக் கட்டுகிறது. யாருக்கும் அவர் பாக்கி சொன்னதாகப் பேச்சில்லை.

ஊர்க் குணம் என்றும் இதைத் தள்ளிவிட முடியாது. சுந்தரர் இந்த ஊரில் பெற்ற 12,000 பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது புராணம். ஆற்றில் போட்டதைக் குளத்தில் தேடும் அந்த வித்தையை நம்மவர் பீங்கானில் செய்கிறார் என்று பெருமையாகச் சொல்லலாம்தான். ஆனால் சுந்தரர் தேடியதை எடுத்தார். பின்னாளில் பார்வையை இழந்தபோதும் ஒரு கண்ணைக் காஞ்சியிலும் மறு கண்ணைத் திருவாரூரிலும் கேட்டு வாங்கிவிட்டார். அய்யனாருக்குக் கேட்க வாய் இருக்கிறது. மீசை அதை மறைத்துவிட்டது.

அவர் பக்கம் இருக்கும் ஒரு நியாயத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும். உடைந்தது வீட்டுக்கு ஆகாது என்று நாம் பயந்து கழிப்பதை அவர் மடியில் வைத்துத் துடைக்கிறார். சூளை கைவிட்டதை, குழந்தை கைவிட்டதை, சாமி இடம் கொடுத்தும் மனிதர் கைவிட்டதை அவர் ஒருவர்தான் இன்னும் ஆகும் என்று நினைக்கிறார். முடிந்த பொம்மையை விற்கலாம், கொடுக்கலாம், கைதவறிப் போட்டும் உடைக்கலாம். முடியாத பொம்மைதான் கூடவே இருக்கும். ஆனால் அவர் கூடவே இருப்பவர்கள் பொம்மைகள் மட்டும் அல்லர். அதே ஊரில் பொம்மைப் பட்டறைகளில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் நவராத்திரிக்குள் சரக்கு போக வேண்டும் என்று வரிசையாகக் கண் எழுதித் தள்ளுகிறார்கள். பாக்கி வைத்தால் அவர்களுக்குக் கூலி கிடையாது. அவர் வீட்டு அம்மாளோ வருஷா வருஷம் படி கட்டி, துணி விரித்து, குடையில்லாத வாமனரை மச்சத்துக்கும் கூர்மத்துக்கும் பின்னால் மறைத்து வைத்து, வருகிறவர்களுக்குச் சுண்டல் கொடுத்துச் சமாளிக்கிறார். கொளஞ்சியப்பருக்குப் பிராது எழுத வேண்டியவர் அவர்தான். அய்யனாருக்குக் கண் வேண்டும் என்றெல்லாம் அதில் எழுதமாட்டார். அந்தக் குடையைத் திருப்பித் தரச் சொன்னால் போதும்.