தேயிலைச் செடியாகப் பதியக் கோரும் விண்ணப்பம்

கனம் பொருந்திய அதிகாரிகள் சமூகத்துக்கு,

ஹட்டன், நுவரெலியா தோட்டங்களில் மூன்று வயதாகியும் பேச்சு வராத பிள்ளைகளை எல்லாம் தேயிலைச் செடிகளாகப் பதிந்துகொள்ளுமாறு பணிவோடு கேட்கிறேன். செடிக்கு 1925லேயே ஆராய்ச்சி நிலையம் கொடுத்துவிட்டீர்கள். தலவாக்கலையில் இன்றும் இருக்கிறது. 1946இல் இலையில் கொப்புள நோய் கண்டதும் ஆராய்ச்சி, மருந்து, புதிய ரகம் என்று எல்லாம் வந்தன. கூப்பிட்டால் பிள்ளை திரும்பாமல், ஒரு போத்தல் மூடியை நாள் முழுக்கச் சுழற்றிக்கொண்டிருந்தால்? “போகப் போகச் சரியாகும், அப்பனும் லேட்டாத்தான் பேசினான்.” பிள்ளைக் காம்பராவில் இந்த வைத்தியம் இலவசம்.

2009இல் வெளியான இலங்கை ஆய்வொன்று, தான் பார்த்த இடத்தில் 93 பிள்ளைகளுக்கு ஒருவருக்கு ஓட்டிசம் என்றது. தோட்டத்தில் நாம் எண்ணுவது கிலோவை.

சரி, ராகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின், விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கான அயதி நிலையம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, நல்ல இடம். ஹட்டனில் ரயில் ஏற வேண்டும். சுரங்கத்துக்குச் சுரங்கம் காதைப் பொத்திக்கொண்டு பிள்ளை அலறும். வாசலில் தொங்கியபடி வெள்ளைக்காரர் செல்ஃபி எடுப்பார். அன்றைக்குத் தாய்க்குப் பேர் விழாது, நாள் சம்பளம் போய்விடும். பயிற்சி என்பது ஒருநாள் வேலையா? அடுத்த வாரமும் பேர் விழாது. போய்ச் சேர்ந்தாலும், தமிழே வராத பிள்ளையிடம் சிங்களத்தில் பேசினால் அது எந்த மொழியில் மௌனமாக இருப்பது?

சட்டத்துக்குக் குறைவில்லை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், உடற்குறையையோ உளக்குறையையோ காட்டிப் பள்ளி அனுமதியில் பாரபட்சம் கூடாது என்கிறது. “முதல்ல பேசட்டும், பிறகு கூட்டி வாங்க” என்று திருப்பி அனுப்புவது பாரபட்சத்தில் சேராது போலும், அது ஆலோசனை. மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையில் 2007இல் கையெழுத்து வைத்தீர்கள், 2016இல்தான் உறுதிப்படுத்தினீர்கள். ஒன்பது வருடம். பிள்ளைதான் தாமதமாம்!

உங்களுக்கு அக்கறையே இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். மாற்றுத்திறனாளிகள் தினமான டிசம்பர் 3 வந்தால் மண்டபம், மாலை, மங்கள விளக்கு, வரிசையாகச் சக்கர நாற்காலி. ஒரு நிமிடம் நில்லாமல் ஓடுகிற பிள்ளையையும் பிடித்து அதில் உட்கார்த்திப் படம் எடுக்கலாம். ஒலிபெருக்கி கீச்சிட, பிள்ளை வீறிட்டால், அதற்கும் உங்களிடம் சேவை உண்டு:

“அந்தப் பிள்ளையக் கொஞ்சம் வெளிய கொண்டு போங்கம்மா, அமைச்சர் பேசப் போறாரு.”