சென்டிமீட்டர் கணக்கில் சுங்கம் கேட்டு ஒரு மனு

பெறுநர்: இந்திய தேசிய நெடுஞ்சாலை ஆணையம்.
பொருள்: சாலையில் மிச்சமிருக்கும் அகலத்துக்கு மட்டும் கட்டணம் வசூலிக்க வேண்டுதல் - தொடர்பாக.

ஐயா,

மனுதாரர்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில், பூந்தமல்லிக்கும் வாலாஜாபேட்டைக்கும் நடுவே சின்னக் கார் ஓட்டுபவர்கள். ஆறுவழியாக அகலப்படுத்துகிறோம் என்று தாங்கள் இந்தச் சாலையை ஆண்டுக்கணக்காக ஒடுக்கி வருவதை நன்கு அறிந்தவர்கள்.

தங்கள் சொந்த அளவுகளையே மனுதாரர்கள் முன்வைக்கிறார்கள். ஒரு லேனின் அகலம் 3.5 மீட்டர். பேருந்தோ லாரியோ 2.6 மீட்டர் வரை அகலம் இருக்கலாம் என்கிறது மோட்டார் வாகன விதி. பக்கக் கண்ணாடி அந்தக் கணக்கில் சேராது. ஆக, ஒழுங்காக லேனின் நடுவில் போகும் பேருந்துக்கு இருபுறமும் 45 சென்டிமீட்டர்தான் மிச்சம். டைவர்ஷன் என்று கான்கிரீட் தடுப்பை நகர்த்தி லேனில் அரை மீட்டரைப் பிடுங்கிவிட்டால் அதுவும் 20 சென்டிமீட்டர். இடப்பக்கம் கன்டெய்னர், வலப்பக்கம் தடுப்பு, பின்னால் ஹை பீம் அடிக்கும் ஆம்னி பஸ்: இதில் மனுதாரர்கள் மூச்சை உள்ளிழுத்துக்கொள்கிறார்கள். வண்டி அதனால் ஒல்லியாகாது என்பது அவர்களுக்கும் தெரியும்.

இருங்காட்டுக்கோட்டையில் செய்த புதுக் கார்களும் இதே சாலையில்தான் பயணிக்கின்றன. டிரெய்லர் மேல் ஏறி, கயிற்றால் கட்டப்பட்டு, நிம்மதியாக. கொடுத்துவைத்தவை.

முன்வண்டியிலிருந்து போதிய இடைவெளி விடச் சொல்கின்றன 2017ஆம் ஆண்டு ஓட்டுநர் ஒழுங்குமுறைகள். 100 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு நொடிக்கு 28 மீட்டர் ஓடிவிடுகிறது. இரண்டு நொடி இடைவெளி என்றால் 55 மீட்டராவது வேண்டும். மனுதாரர்கள் விட்டுப் பார்த்தார்கள். அந்த 55 மீட்டருக்குள் ஒரு டிப்பர், ஒரு ஷேர் ஆட்டோ, ராங் சைடில் வந்த இரண்டு பைக் ஆகியவை குடியேறின. மறுபடி இடைவெளி விட்டார்கள். இம்முறை மினி லாரி. சட்டத்தை மதித்துக்கொண்டே போனால் பெங்களூரு போகிறவர் பின்னோக்கி மதுரவாயல் வந்து சேர்வார் என்று மனுதாரர்கள் அஞ்சுகிறார்கள்.

இனி கோரிக்கை. 2008ஆம் ஆண்டுக் கட்டண விதிகள் காருக்குக் கிலோமீட்டருக்கு 65 காசு என்று அடிப்படை விகிதம் வைத்தன. விலைவாசிக்கேற்ப அது ஆண்டுதோறும் ஏறுகிறது. எல்லாம் நீளத்துக்கு. லேனின் அகலத்துக்கு ஒரு காசும் கணக்கில்லை. 3.5 மீட்டருக்கு முழுக் கட்டணம், 3 மீட்டருக்கு அதற்கேற்ற கழிவு, காரும் லாரியும் கண்ணாடியை மடித்துக்கொண்டு போகும் இடத்தில் ஆணையமே ஓட்டுநருக்குப் படிப்பணம் என்று திருத்தினால் போதும்.

இது புதுமையும் அல்ல. மதுரவாயல்-வாலாஜாபேட்டை சாலையின் நிலையைப் பார்த்து, அங்குள்ள இரண்டு சுங்கச்சாவடிகளில் பாதிக் கட்டணம் மட்டும் வாங்கும்படி 2020 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றமே உத்தரவிட்டது. நீதிமன்றம் தோராயமாகப் பாதி என்றது; மனுதாரர்கள் டேப் வைத்து அளந்து தரத் தயார்.

அளப்பதற்கு ஒரே ஒரு நாள், ஓரமாக நிற்க இடம் ஒதுக்கித் தர வேண்டும்.

இப்படிக்கு,
இடது லேன் காலியாகும் என்று காத்திருப்போர்