முகமூடிப் புணரியல்

முப்பத்தொரு வருடம் நன்னூல் நடத்திய தமிழாசிரியனுக்கு ஓய்வுக்குப் பிறகு வியாதி வந்தால், அதையும் அவன் இனம் பிரித்துத்தான் பார்ப்பான். எனக்கு வந்தது ஸ்லீப் ஆப்னியா. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். கண்டுபிடித்தவள் என் மனைவி. "ஏங்க, குறட்டை விட்டாக்கூடத் தேவலை. நடுவுல சத்தமே இல்லாம போயிடுது பாருங்க, அப்பதான் எனக்கு வயித்தைக் கலக்குது" என்றாள். ஸ்லீப் ஸ்டடியில் மணிக்கு 42 தடவை என்று வந்தது. டாக்டர் சிபாப் மெஷின் எழுதிக்கொடுத்தார். மெஷின் வாங்குவது சுலபம். பணம் இருந்தால் போதும். அதோடு போட்டுக்கொள்ளும் மாஸ்க்குக்குத்தான் இலக்கணம் தேவைப்படுகிறது. அப்படியொரு நூல் என் கண்ணில் படாததால் நானே செய்தேன். உரையும் நானே. இலக்கணக் கொத்து செய்த சுவாமிநாத தேசிகர் தம் நூலுக்குத் தாமே உரை எழுதியவர். ஆகவே இது குற்றமாகாது.

முதலில் காற்று. உந்தியில் கிளம்பும் காற்று நெஞ்சிலும் மிடற்றிலும் தலையிலும் தங்கி, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் இவற்றின் தொழிலால் எழுத்தாகிறது என்பது தொல்காப்பியர் கணக்கு. அவர் சொல்லாமல் விட்டது, விளக்கை அணைத்த பிறகு நடப்பது. தூக்கத்தில் இதே நாவும் அண்ணமும் தளர்ந்து, பின்னால் சரிந்து, மிடற்றை அடைத்துக்கொள்கின்றன. பகலெல்லாம் எழுத்தைப் பெற்றுப்போட்ட உறுப்புகளே இரவில் காற்றை வழிமறிக்கின்றன. பாதி அடைத்தால் காற்று உரசி நீளும். அது குறட்டை, அளபெடையின்பாற்படும். முழுதும் அடைத்தால் ஒலியே இல்லை. உயிர் ஏறாத மெய்.

மாத்திரையும் சொல்லிவிடுகிறேன். கண்ணிமைக்கும் நேரம் அல்லது கைநொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை. மருத்துவ நூலார் தாராளமானவர்கள். மூச்சு 10 நொடியாவது நின்றால்தான் ஆப்னியா என்று ஒப்புக்கொள்வார்கள். மூச்சு நிற்பதையும் குறைவதையும் சேர்த்து எண்ணி, மணிக்கு 5-க்குக் கீழே என்றால் குற்றமில்லை, 5 முதல் 15 வரை குறில், 15 முதல் 30 வரை நெடில். அதற்கு மேல் போனவர்களுக்கு நம் இலக்கணத்தில் பெயரில்லை. கும்பகர்ணன் ஆறு மாதம் தூங்கியும் அவனை எழுப்ப ஒரு படையே வேண்டியிருந்ததை நினைத்தால் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. தூங்கிய தூக்கம் தூக்கமாக இருந்திருந்தால் தானாகவே எழுந்திருப்பான்.

மெஷின் செய்யும் வேலை ஒன்றே. அறைக் காற்றை இழுத்து, அழுத்தத்தோடு அனுப்பும். அந்தக் காற்றே மிடற்றுக்குள் பந்தக்காலாக நின்று சுவர் சரியாமல் தாங்கும். அழுத்தத்தைத் தண்ணீரின் உயரத்தில், சென்டிமீட்டரில் அளக்கிறார்கள். பெரும்பாலும் 4 முதல் 20 வரை. எனக்கு 11. இந்தப் பதினொன்றையும் வழியில் சிந்தாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதே மாஸ்க்கின் கடன். இனி நூற்பா.

மூக்கே வாயே இரண்டும் எனமூன்று
ஆக்கிய காற்றின் வாயில் என்ப.

என்பது சூத்திரம். வாய் மட்டுமே வாயிலாக உடையது அரிதின் வழங்கும், அதை விடுக. மற்றவற்றை நன்னூலார் வழி நின்று இனம் பிரிப்போம். மெல்லினத்துக்கு இடம் மூக்கு. ஆகவே மூக்கை மட்டும் கவிந்துகொள்ளும் மாஸ்க் மெல்லினம். எடை குறைவு, கண்ணாடி போட்டுக்கொண்டு நாலு பக்கம் படிக்கலாம். வாய் பிளந்து தூங்குபவனுக்கு மட்டும் ஆகாது. மூக்கில் ஏறிய காற்று வாய் வழியே வெளியேறி, விடிந்தால் நாக்கு அப்பளமாகியிருக்கும். மூக்கின் வெளியேயும் இல்லாமல் உள்ளேயும் இல்லாமல் இரண்டு துவார வாயிலில் ரப்பர் மொட்டுப்போல் குந்தியிருப்பது இடையினம். மூக்குத்தண்டைத் தொடாது என்பது இதன் பெருமை. மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுவது வல்லினம். வல்லினத்துக்கு இடம் மார்பு என்பார்கள். இதன் குழாய் மார்பில் கிடப்பதால் அதுவும் பொருந்தும். நெற்றி முதல் தாடை வரை, கண்ணையும் சேர்த்து மூடும் ஒன்று உண்டு. எந்த இனத்திலும் சேராமல் தனித்து நிற்பதாலும், தலையை இடமாக உடையதாலும் அது ஆய்தம்.

கடைக்காரர் முதலில் எடுத்து நீட்டுவது பெரும்பாலும் வல்லினம். "எல்லாத்துக்கும் சேஃப் சார்" என்பார். எனக்கும் அதைத்தான் நீட்டினார்கள். முகத்தில் அது கவியும் பரப்பு பெரிது. பரப்பு பெரிதானால் கசிய இடமும் அதிகம். பட்டி தாடையைப் பின்னுக்கு இழுப்பதால் சிலருக்கு அழுத்தமும் கூட்ட வேண்டிவரும். மூக்கு திறந்திருப்பவன் மெல்லினத்திலிருந்து தொடங்குவதே முறை என்பது என் கட்சி. நிரந்தர மூக்கடைப்புக்காரர்கள் என்னோடு சண்டைக்கு வர வேண்டாம்.

அற்றேல், மாஸ்க்குக்குத் தமிழ் என்னை எனின், முதலில் வடவெழுத்தை ஒரீஇ 'மாசுக்கு' என்றே எழுதிவந்தேன். பேத்தி படித்துவிட்டு, "எந்த மாசுக்குத் தாத்தா?" என்று கேட்டாள். காலையில் எடுத்துப் பார்த்தேன். குஷன் ஓரம் முழுக்க முகத்து எண்ணெய். அன்றிலிருந்து தினமும் மிதமான சோப்புத் தண்ணீரில் கழுவுகிறேன், 'மாஸ்க்' என்றே எழுதுகிறேன்.

இந்தக் கருவியின் வரலாறு ஒரு மூக்கில்தான் தொடங்குகிறது. ஆஸ்திரேலியாவில், சிட்னியில், காலின் சல்லிவன் என்ற மருத்துவர் 1980-ல் முதல் நோயாளிக்கு இதைப் போட்டுப் பார்த்தார். அதற்கு முன் கடுமையான ஆப்னியாவுக்கு இருந்த வழி, தொண்டையில் துளை போடுவது. 1981-ல் லான்செட் இதழில் ஐந்து நோயாளிகளைப் பற்றி அவர் குழு எழுதியது. ஆரம்ப நாட்களில் ஒவ்வொருவர் மூக்குக்கும் தனியாக அச்செடுத்து மாஸ்க் செய்தார்கள். இரவு அதை முகத்தில் சிலிக்கோன் பசையால் ஒட்டி, காலையில் பிய்த்து எடுத்தார்கள். கொடுமைதான். ஆனாலும் அந்த மூக்குக்கென்றே பிறந்த மாஸ்க் அது. இன்றைக்கு ஊரிலுள்ள அத்தனை மூக்குகளும் ஸ்மால், மீடியம், லார்ஜ் என்ற மூன்றுக்குள் அடங்கிவிட வேண்டும். துளசிதளம்போல ஒரு மூக்கும், பஜ்ஜி மிளகாய்போல ஒரு மூக்கும் ஒரே மீடியத்துக்குள் போகின்றன.

இனிப் புணர்ச்சி. இதுவே நூலின் உயிர்நாடி. முகம் நிலைமொழி, மாஸ்க் வருமொழி. இரண்டும் மாறுபாடின்றிச் சேர்ந்தால் இயல்பு புணர்ச்சி. அது கடையில் மட்டும் நிகழும். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மெஷினை ஓட்டாமல் போட்டுப் பார்த்தால் எந்த மாஸ்க்கும் யாருக்கும் பொருந்தும். வீட்டில் படுத்ததும் கன்னச் சதை காதுப்பக்கம் சரியும், நிலைமொழியே வேறாகிவிடும். பல்செட்டைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டால் இன்னொரு முகம். பிறகு விகாரம்தான், மூன்றும். தோன்றலாவது, மூக்குத்தண்டில் காலையில் சிவப்புத் தழும்பு தோன்றுவது. திரிதலாவது, ஒருக்களித்துப் படுத்ததும் தலையணை இடித்து மாஸ்க் கோணிக்கொள்வது. கெடுதலாவது, தூக்கத்தில் நாமே கழற்றி எறிவது. மெஷினின் முதல் வாரத்து ரிப்போர்ட்டில் ஒருநாள் போட்டிருந்த நேரம் 1 மணி 50 நிமிடம் என்றிருந்தது. கழற்றியது ஞாபகமே இல்லை. மாஸ்க் கட்டிலுக்கடியில் செருப்போடு கிடந்தது.

நிலைமொழி ஈற்றில் மீசை நின்றால் வருமொழி ஒட்டாது. மூக்குத்தி நின்றாலும் அப்படியே. தலைக்கு எண்ணெய் வைத்தால் பின்பட்டி வழுக்கும்; கொண்டை போட்டால் பட்டி எதன்மேல் நிற்பது என்ற ஐயம் வரும். சில மாஸ்க் கொக்கிகளில் காந்தம் இருக்கும். பேஸ்மேக்கர் வைத்தவருக்கு அது ஆகாது, பக்கத்தில் படுப்பவருக்கு இருந்தாலும்தான்.

கசிந்தால் எல்லோரும் செய்வது ஒன்று: பட்டியை இறுக்குவது. நானும் இறுக்கினேன், கசிந்தது. இன்னும் இறுக்கினேன், புஸ்ஸென்று கண்ணுக்குள் அடித்தது. மூன்றாம் நாள் முகம் கட்டம்போட்ட கணக்கு நோட்டு மாதிரி ஆன பிறகு பிறந்தது அடுத்த நூற்பா.

இறுக்கிய மாஸ்கும் கசியும் அதனைச்
சிறுக்கத் தளர்த்தல் சீரிய நெறியே.

என்னை காரணம் எனின், குஷனின் ஓரம் மெல்லிய சிலிக்கோன் சவ்வு. காற்று உள்ளே வந்து அது உப்பினால்தான் முகத்து மேடு பள்ளங்களில் படியும். இறுக்கினால் சவ்வு மடங்கிச் சுருங்கும். மடிப்பின் வழியே காற்று போகும். ஆகவே படுத்துக்கொள்க, மெஷினை ஓட்டுக, மாஸ்க்கை முகத்திலிருந்து ஒரு விரற்கடை தூக்கிவிட்டு மெல்ல இறக்குக, பிறகு பட்டியைத் தொடுக. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் இரண்டாவது கடைப் பையன். முதல் கடையில் "கவர் பிரிச்சா ரிட்டர்ன் கிடையாது" என்று சொல்லிவிட்டார்கள். இவன் கடையின் பின்னால் ஒரு கட்டில் போட்டிருந்தான். "ஐயா, சட்டையை மாட்டிப் பார்த்து வாங்குறீங்க, இதைப் படுத்துப் பார்த்து வாங்க வேணாமா?" என்றான்.

மாஸ்க்கில் காற்று வெளியேற வேண்டிய துளைகளும் உண்டு; அது கசிவன்று, நாம் விட்ட மூச்சுக்கு வழி. அடைத்துவிடக் கூடாது. அந்தக் காற்று பக்கத்தில் படுத்திருப்பவர் பிடரியில் ராவெல்லாம் சில்லென்று படும் என்பதை எந்தக் கையேடும் எனக்குச் சொல்லவில்லை. மனைவி சொன்னாள்.

கடைசியில் என் மாஸ்க்கைப் பொருத்தியதும் அவள்தான். உயிரும் உயிரும் நேரே புணராது. நடுவே யகரமோ வகரமோ வந்து உடம்படுத்தும். சிலிக்கோனும் வியர்வைத் தோலும் அப்படித்தான். மின்விசிறி மட்டும் ஓடும் அறையில் சித்திரை மாதத்து வியர்வைக்கு எந்த குஷனும் வழுக்கும். அவள் என் பழைய மல் வேட்டியில் ஒரு துண்டு கிழித்து, நடுவில் மூக்களவு ஓட்டை வெட்டி, ஓரம் தைத்து, குஷனுக்கும் முகத்துக்கும் நடுவில் வைத்தாள். துணி வியர்வையைக் குடித்தது, தழும்பு மறைந்தது. ஏழு துண்டு தைத்திருக்கிறாள், நாளுக்கு ஒன்று. இதற்கு உடம்படுமெய் என்று பெயரிட்டேன்.

இயல் முடிவில் புறனடை வைப்பது மரபு. சொல்லாமல் விட்டதை அங்கே சேர்த்துக்கொள்ளலாம். நான் சத்தமின்றித் தூங்கத் தொடங்கிய பிறகுதான் பக்கத்துச் சத்தம் காதில் விழுகிறது. போன வியாழக்கிழமை விழித்துக் கிடந்தேன். அவள் குறட்டை நீண்டு, சட்டென்று நின்றது. விரலை நொடித்து மாத்திரை எண்ணினேன். பதினொன்றில் மூச்சு வந்தது. காலையில் சொன்னால், "நான் எப்பங்க குறட்டை விட்டேன்?" என்கிறாள். ஸ்லீப் ஸ்டடிக்கு நாள் கேட்டிருக்கிறேன். அவளுக்கு இரண்டு பக்கமும் மூக்குத்தி. அந்தப் பேச்சை இன்னும் எடுக்கவில்லை.