கிள்ளித் தின்னும் குடும்பம்

சித்தூரிலிருந்து திருப்பதி எழுபது கிலோமீட்டர்தான். அதனால் எங்கள் தெருவில் எந்நேரமும் யாராவது மலைக்குப் போய்க்கொண்டோ இறங்கி வந்துகொண்டோ இருப்பார்கள். 2022 ஏப்ரலில் திருப்பதியைத் தனி மாவட்டமாகப் பிரித்தார்கள். மலையிலிருந்து வரும் பிரசாத லட்டை மட்டும் எங்களிடமிருந்து யாராலும் பிரிக்க முடியவில்லை.

பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல எங்கள் பக்கத்தில் எவருக்கும் துணிச்சல் கிடையாது. இன்சுலின் போட்டுக்கொள்ளும் பெரியப்பாகூட, "பெருமாள் கொடுத்தது ஒண்ணும் பண்ணாது" என்று கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டுக்கொள்வார். பிறகு மீதி லட்டு எவர்சில்வர் டப்பாவில் ஏறி ஃபிரிட்ஜ் தலையில் உட்காரும். தண்ணீர் குடிக்க வந்தவர், சார்ஜர் தேடி வந்தவர், சும்மா வந்தவர் என்று எல்லோரும் ஆளுக்கொரு கிள்ளு. முழுசாக எடுத்துத் தின்றால் பேராசை, கிள்ளினால் பக்தி.

இந்த பக்தியில் என் தம்பியின் கடைவாய்ப் பல் குழியாகிப்போனது. வலி கண்டதும் வீடே வைத்தியசாலையானது. அம்மா கிராம்பை வைத்துக் கடிக்கச் சொன்னார். அதில் தப்பில்லை, கொஞ்ச நேரம் மரத்துப் போகும். அத்தை சொன்னாரென்று வலி மாத்திரையை நுணுக்கி ஈறில் அப்பினான் பாருங்கள், அதுதான் வினை. ஈறு வெந்து வெளுத்துவிட்டது. மாத்திரை விழுங்குவதற்கு, பூசுவதற்கு அல்ல என்று பல் டாக்டரம்மா சொன்னபோது அத்தை மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேர் சிகிச்சை செய்து மேலே கேப் போட வேண்டுமென்றார் டாக்டர். அம்மா முந்திக்கொண்டு, "இனிமே லட்டே தொட மாட்டான்மா" என்று அவன் சார்பில் சத்தியம் செய்தார்.

"அதெல்லாம் வேணாம்மா. லட்டு சாப்பிடாதேன்னு சொன்னா எங்க அம்மாவே என்னை வீட்டுக்குள்ள விட மாட்டாங்க. ஒரு துண்டைச் சாப்பாட்டோட ஒரே தடவையில சாப்பிடச் சொல்லுங்க. கிள்ளிக் கிள்ளித்தான் வேண்டாம்" என்றார் டாக்டர்.

விஷயம் இதுதான். சர்க்கரை வாயில் பட்டதும் அங்கே குடியிருக்கும் கிருமிகள் அதைத் தின்று அமிலம் கக்குகின்றன. அமிலம் கூடக்கூடக் குறையும் பி.எச். அளவு 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். எச்சில் அதைக் கழுவிச் சமன்செய்ய அரைமணி நேரமாவது பிடிக்கும். அதற்குள் அடுத்த கிள்ளு வந்துவிடுகிறது. பக்தர்கள் காத்திருக்கும் திருமலை க்யூ காம்ப்ளெக்ஸில், கூட்டம் ஓயாதபோதே தரையைப் பெருக்க வேண்டியவரின் நிலைமைதான் எச்சிலுக்கு. 1940களில் ஸ்வீடனில் வீப்பெஹோல்ம் என்ற, அறிவுவளர்ச்சிக் குறைபாடுள்ளவர்களுக்கான காப்பகத்தில் இருந்தவர்களுக்கு ஒட்டும் மிட்டாய்களைக் கொடுத்துக் கொடுத்து, இப்படி அடிக்கடி தின்பதன் கெடுதலைக் கண்டுபிடித்தார்கள். சாப்பாட்டோடு போன சர்க்கரை அவ்வளவாகக் கெடுக்கவில்லை, இடையிடையே தின்ற மிட்டாய்தான் பற்களை அரித்தது. அந்தப் பாவப்பட்டவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. எங்கள் வீட்டிலோ தலைமுறை தலைமுறையாக அதே ஆராய்ச்சி, சொந்தச் செலவில்.

டாக்டர் அதோடு விடவில்லை. கோடையில் நாங்கள் உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தின்கிற பெங்களூரா மாங்காயையும் பிடித்துக்கொண்டார். புளிப்பில் எனாமல் இளகியிருக்கும். உடனே பல் தேய்த்தால் அதையும் சேர்த்துச் சுரண்டுவோம், அரைமணி பொறுக்க வேண்டுமாம். அப்பாவின் பல்பொடியையும் விசாரித்தார். அப்பா பல் தேய்ப்பது பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். அந்த அழுத்தத்தில் பல்லின் கழுத்து தேய்ந்து, இப்போது ஐஸ் தண்ணீரைக் கண்டாலே ஒதுங்குகிறார். மெதுவான பிரஷ், ஃப்ளோரைடு பேஸ்ட், காலையும் இரவும் இரண்டிரண்டு நிமிடம் என்றார் டாக்டர். தூக்கத்தில் எச்சில் குறைவதால் ராத்திரித் தேய்ப்பை விடவே கூடாதாம். "படுக்கப்போற நேரத்துல யாருக்கு அழகு காட்ட?" என்றார் அப்பா.

மதியச் சாப்பாட்டோடு ஆளுக்கொரு துண்டு, அதோடு சரி என்று அம்மா சட்டம் போட்டார். டப்பா அவர் பீரோவுக்குப் போனது. கல்கண்டு சிக்கிய துண்டு யாருக்கு என்பதில்தான் இப்போது தகராறு. செயற்கைப் பல்லால் அதை நொறுக்க முடியாதென்று பெரியப்பாவை ஆட்டத்திலிருந்து நீக்கிவிட்டோம்.

கேப் மாட்டிய அன்று அம்மா நன்றிக்கடனாக டாக்டருக்குப் பெரிய கல்யாணோற்சவ லட்டு ஒன்று கொண்டுபோனார். டாக்டர் எழுந்து நின்று வாங்கிக் கண்ணில் ஒற்றி, ஒரு கிள்ளு கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார். மீதியை வைக்க மேஜை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே ஏற்கெனவே இரண்டு இருந்தன, இரண்டும் ஓரத்தில் கிள்ளப்பட்டு.